கோழித் தீனியில் பேயாவரை

என் கோழிக் கொட்டகையில் சத்தம் குறைந்துவிட்டது என்று முதலில் சொன்னவர் முட்டையைக் கையாலும் தொடாத ஒருவர். எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த கணக்கு டீச்சர். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாக விவசாயம் செய்த ஜைனக் குடும்பத்துப் பெண். பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். ஏறக்குறைய என் வயதுதான், முப்பது இருக்கும். ஒரே சுவர், ஒரே கிணறு, பின்பக்கம் ஒரே தோட்டம். அந்தத் தோட்டத்தின் கோடியில் என் கொட்டகை.

எழுபதுகளின் பிற்பாதி. என் கணவர் பஸ் கண்டக்டர். காலையில் போனால் எப்போது வருவார் என்பது பஸ்ஸுக்குத்தான் தெரியும். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். வெள்ளை லெகார்ன் ஜாதி, நூற்றிருபது. பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடைகளுக்கு முட்டை போடுவேன். கார்த்திகை தீபத்துக்கு முன்னும் பின்னும் பத்து நாள் ஊரில் முட்டை கேட்க ஆள் இருக்காது. மற்ற நாட்களில் கூடை காலியாகத் திரும்பும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் டீச்சர் கிணற்றடியில் நின்று கேட்டார். "ஏங்க, உங்க கோழிங்க இன்னிக்கு ஏன் கத்தலை? தெனமும் அந்தச் சத்தத்துலதான் நான் எழுந்துப்பேன்."

போய்ப் பார்த்தேன். ஏழு கோழிகள் உட்கார்ந்திருந்தன. கோழி உட்காருவது புதிதில்லை. ஆனால் இவை உட்கார்ந்த விதம் வேறு. ஒரு கால் முன்னால் நீண்டிருந்தது, இன்னொன்று பின்னால் போயிருந்தது. கையைத் தட்டினேன். இறக்கையை அடித்துக்கொண்டு எழப் பார்த்தன. மார்பு தரையில் இழுபட்டதே தவிர எழ முடியவில்லை. இத்தனைக்கும் கொண்டை சிவப்பாக இருந்தது, கண் தெளிவாக இருந்தது. தீனியைக் கொண்டுபோய் மூக்கருகே வைத்தால் கொத்தித் தின்றன. பசி இருக்கிறது, பார்வை இருக்கிறது, நிற்க மட்டும் முடியவில்லை. இப்படி ஒரு நோயை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பதினாறு. அதற்கு மறுநாள் எண்ணவே பயமாக இருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இளைஞர். பசுவும் எருமையும் பார்த்து அலுத்துப்போயிருந்தாரோ என்னவோ, கோழி என்றதும் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கோழியைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். வாலடியைப் பார்த்தார்.

"வெள்ளைக் கழிச்சல் இல்லம்மா. அதுன்னா கழுத்து திருகும், பச்சையா கழியும். ஊசி போட்டீங்கல்ல?"

"போட்டேன் சார். ஒண்ணு விடாம போட்டேன்."

"அறுத்துப் பாத்துடலாம். ஒண்ணு குடுங்க."

வேப்ப மரத்தடியில் பலகையைப் போட்டு, அன்று காலை செத்திருந்த ஒன்றை அறுத்தார். ஈரல், குடல் எல்லாம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு ஏதோ தோன்றித் தொடைத் தோலை உரித்தார். இரண்டு பேரும் குனிந்தோம். கோழித் தொடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நல்ல சிவப்பாக இருக்கும். இது வெளுத்திருந்தது. வெந்நீரில் முக்கி எடுத்த கறியின் நிறம். அதற்குள் நீளநீளமாக வெள்ளைக் கோடுகள்.

"இது சதையில வந்த கெடுதல்மா," என்றார். குரலில் கவலையைவிட ஆர்வம்தான் ஜாஸ்தி இருந்தது. "நரம்புன்னு நெனச்சேன். நரம்பு நல்லாத்தான் இருக்கு. சதைதான் போயிருக்கு."

"எதனால சார்?"

"தெரியலை." அதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "வைட்டமின் கம்மியா இருந்தா இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். புண்ணாக்குல பூஞ்சை இருந்தாலும் கெடுதல் வரும். ரெண்டையும் பாப்போம்."

தொடையில் ஒரு துண்டை வெட்டி மருந்துத் தண்ணீர் நிறைந்த புட்டியில் போட்டுக்கொண்டார். மெட்ராஸ் வெட்டினரி காலேஜுக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னார்.

வைட்டமின் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். கடலைப் புண்ணாக்கை மாற்றிப் புது மூட்டை வாங்கினேன். ஐந்து நாள் ஆயிற்று. விழுவது நிற்கவில்லை. தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றார் பால்காரர். கொட்டகை வாசல் தெற்கே பார்த்திருக்கக் கூடாது என்றார் எதிர்வீட்டு அம்மா. என் கணவர் வேலை முடிந்து வந்து கொட்டகை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வித்துடலாம்மா, மிச்சம் இருக்கறதையாவது," என்றார்.

"நோயின்னு தெரிஞ்சும் எப்படிங்க விக்கறது?"

அவர் டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே உள்ளே போனார்.

எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் நஷ்டம் மட்டும் இல்லை. ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதே கொட்டகையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பெட்டைக்குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அதே காற்று, அதே கிணற்றுத் தண்ணீர், கீழே அதே உமி. அவற்றில் ஒன்றுகூட விழவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் சரிகின்றன, அந்தப் பக்கம் துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஒட்டுவாரொட்டி நோய் என்றால் வலையைப் பார்த்து நிற்குமா? யோசித்து யோசித்து ஒரே வித்தியாசம்தான் கிடைத்தது. குஞ்சுகளுக்குக் கடையில் வாங்கிய தீனி. பெரிய கோழிகளுக்கு நானே சோளம், தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்துப் போட்ட தீனி.

புண்ணாக்கை மாற்றியாயிற்று. தவிடும் கருவாடும் எப்போதும் வாங்கும் இடம். மிச்சம் சோளம். அதை மட்டும் தை மாதக் கடைசியில் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து என் கணவர் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு மூட்டை அரைத்தாயிற்று. இன்னொரு மூட்டை பிரிக்காமல் இருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் பள்ளியிலிருந்து வந்ததும் நான் அந்த மூட்டையை வெளியே இழுப்பதைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"இதுல ஏதாவது இருக்கான்னு பாக்கணும் டீச்சர். எப்படிப் பாக்கறதுன்னுதான் தெரியலை."

"இருங்க, வரேன்," என்று உள்ளே போய்ப் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து வெயிலில் விரித்தார். இரண்டு படி சோளத்தைக் கொட்டி உள்ளங்கையால் மெல்லப் பரப்பினார். அவர் வீட்டில் எந்தத் தானியமும் இப்படிப் பார்க்கப்படாமல் அடுப்புக்குப் போகாது. வெளிச்சம் இருக்கும்போதே பரப்பி, ஒரு பூச்சி இருந்தாலும் சாகாமல் எடுத்துச் செடியில் விட்டுவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிய கண். நான் சோளத்தைப் பார்த்தேன். அவர் சோளம் அல்லாததைப் பார்த்தார்.

"இது என்ன விதை?"

அவர் விரல் நுனியில் இருந்தது தட்டையாக, முட்டை வடிவில், பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் இருந்தது. சோளத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் அழுத்திவிட்டாற்போல ஒரு பள்ளம். தேடத் தேட அதுவே வந்தது. வெயில் இறங்குவதற்குள் இரண்டு படியிலிருந்து முக்கால் டம்ளர் விதை பொறுக்கியிருந்தோம். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றால் கவனிக்க வேண்டியதில்லை. இது அப்படி இல்லை.

அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான். "நல்லா இருக்கற கோழி ஒண்ணுக்கு இதை அரைச்சுக் குடுத்துப் பாக்கலாமா டீச்சர்? அப்ப தெரிஞ்சிடும்."

அவர் கை நின்றது. "தெரிஞ்சே குடுக்கறதா? வேணாங்க."

"இல்லாட்டி எப்படித் தெரியும்?"

"அந்தத் தீனியை நிறுத்துங்க. நிறுத்தினா விழறது நிக்குதான்னு பாருங்க. அதுலயும் விடை கெடைக்குமில்ல? ஒரு உசிரைக் கெடுத்துத்தான் கண்டுபிடிக்கணுமா?"

அன்றே பழைய தீனியை முழுதும் குழியில் கொட்டி மூடினேன். புதுச் சோளம் வாங்கி, பொறுக்கி, அரைத்துப் போட்டேன். நாலைந்து நாளில் புதிதாக விழுவது நின்றது. டீச்சர் முகத்தில் அத்தனை நிம்மதி.

எனக்கு நிம்மதி வரவில்லை. இது பாதி விடைதானே? வந்த நோய் தானாக வந்த மாதிரி தானாகப் போயிருக்கலாம். வைட்டமின் மெதுவாக வேலை செய்திருக்கலாம். விதைதான் என்று எப்படி அடித்துச் சொல்வது? கூட்டும்போதும் சமைக்கும்போதும் மாடத்தில் இருந்த அந்த டம்ளர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் செய்ததை இப்போதும் பெருமையாகச் சொல்ல வரவில்லை. நன்றாக இருந்த ஒரு கோழியைப் பிடித்து, குளியலறைக்குப் பின்னால் கவிழ்த்த கூடைக்குள் தனியாக விட்டேன். விதையை அம்மியில் நசுக்கி நல்ல தீனியோடு கலந்து தினமும் வைத்தேன். மூன்று நாள், நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் நாள் நடை தளர்ந்தது. எட்டாம் நாள் காலையில் கூடையைத் தூக்கினேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். எழுந்திருக்க இறக்கையை அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மனதுக்குள் "அதுதான், அதுதான்" என்று கத்தினேன். அடுத்த நிமிஷமே, நேற்றுவரை அரைகுறையாக நடந்துகொண்டிருந்த கோழி என் கையால் இப்படி ஆனதைப் பார்க்கச் சகிக்காமல் கூடையைக் கவிழ்த்து மூடினேன்.

டீச்சர் மாடியில் துணி காயப்போடும்போது கூடையைப் பார்த்திருக்கிறார். "அதுல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"அடைக்கோழி டீச்சர்," என்றேன். லெகார்ன் கோழி அடைக்கு உட்காராது. அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இரண்டு நாள் தாங்கவில்லை. மூன்றாம் நாள் நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். நாலு நாள் கிணற்றடியில் எதிரே வந்தாலும் வாளியைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஐந்தாம் நாள் ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த கேழ்வரகோடு வந்தார். நேராகக் குளியலறைக்குப் பின்னால் போய்க் கூடையைத் தூக்கினார். கோழிக்கு முன்னால் கிண்ணத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தினி நாள்ல விழுந்துச்சு?"

"எட்டு."

"மொதல்ல எது தளர்ந்துச்சு? காலா, இறக்கையா?"

"காலுதான். இறக்கை கடைசிவரைக்கும் நல்லா இருந்துச்சு."

"ம்." கொஞ்ச நேரம் கோழி தின்பதைப் பார்த்தார். "நாம பொறுக்கினது வீண் போகலை," என்றார். பிறகு அப்படிச் சொன்னதற்கே வெட்கப்பட்டதைப்போல எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் வந்தார். அந்தக் கோழிக்கு அவர்தான் தீனி. பக்கம் மாற்றி மாற்றி உட்காரவைத்தார், மார்பில் புண் வராமல் இருக்க வைக்கோல் மாற்றினார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அது கூடை ஓரத்தில் சாய்ந்துகொண்டு நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலக் கத்திவிட்டோம்.

அதற்கு நடுவில் விதையைப் பொட்டலம் கட்டி டாக்டரிடம் கொடுத்திருந்தேன். கொஞ்சத்தை அவர் மெட்ராஸுக்கும் அனுப்பினார். அவருக்கு அது எந்தச் செடி என்று தெரிய வேண்டும். செடியைப் பார்க்க வேண்டும் என்றால் விளைந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர், நான், டாக்டர் மூன்று பேரும் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினோம். டீச்சர் வரவில்லை. ஆனால் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் வரிசை போட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

சோளம் கொடுத்த விவசாயி எங்களை வரப்புக்குக் கூட்டிப்போனார். பொட்டலத்தைப் பிரித்ததுமே சிரித்தார். "இது பேயாவரைம்மா. அதோ கீது பாருங்க."

வரப்பு முழுக்க இடுப்பு உயரத்துக்கு நின்றது. மஞ்சள் பூ, வளைந்து மேலே பார்த்த நீளக் காய்கள். இலையைக் கசக்கினால் குமட்டும் வாடை. இந்தச் செடியை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடி அண்ணாமலைக்குப் போகிற பாதை ஓரத்திலும் நிற்கிறது. பெயர் கேட்கத் தோன்றியதே இல்லை.

"ஆடு மாடு திங்குமா?" டாக்டர் கேட்டார்.

"மோந்து பாத்துட்டு நவுந்துடும் சார். எந்தச் சீவனும் தொடாது."

"சோளத்துல இவ்ளோ எப்படிக் கலந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "இந்த அம்மா வூட்டுக்காரரு கோழிக்குன்னு கேட்டாரு. வூட்டுக்குன்னா தூத்தி, பொடைச்சுக் குடுத்திருப்பேன். கோழிக்குத்தானேன்னு களத்தோரம் கூட்டி வாரினதைச் சேத்துப் போட்டுட்டேன் சார். செடியும் அறுப்புல சேந்து வந்திருக்கும். நெசமா தெரியாது."

கணவர் என்னைப் பார்த்தார். கோழிக்குத்தானே, சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விலை கம்மியாகக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியது நான்தான். விவசாயியிடம் கோபப்பட எனக்கு வழியில்லை.

டாக்டருக்கு மட்டும் திருப்தி இல்லை. "எந்தச் சீவனும் தொடாதுன்னா கோழி மட்டும் ஏன் தின்னுச்சு?"

அந்த வீட்டு நாட்டுக்கோழிகள் அந்தச் செடிகளுக்கு நடுவிலேதான் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஒரு கைப்பிடிச் சோளத்தோடு பொட்டலத்தில் இருந்த விதையையும் சேர்த்து வீசினேன். ஓடி வந்தன. டக்டக்கென்று கொத்தின. சோளம் தீர்ந்தது. விதை அப்படியே மண்ணில் கிடந்தது. ஒரு சேவல் ஒன்றை எடுத்து, வாயில் உருட்டி, துப்பிவிட்டுப் போயிற்று.

நாலு பேரும் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத்தான் முதலில் உறைத்தது.

"அரைச்சுட்டேன் சார்," என்றேன். "மாவாக்கி எல்லாத்தோடயும் கலந்துட்டேன். துப்பறதுக்கு அதுங்களுக்கு வழியே வைக்கலை."

டாக்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து டீச்சர் கொடுத்த காகிதத்தின் பின்பக்கமே அதை எழுதிக்கொண்டார்.

மெட்ராஸிலிருந்து பதில் வர ஆடி மாதம் ஆயிற்று. டாக்டர் எடுத்துவந்து படித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். தொடைச் சதை நார்கள் சிதைந்திருக்கின்றன, கிருமி காரணமாகத் தெரியவில்லை, அனுப்பிய விதையைச் சந்தேகிக்க இடமுண்டு. அவ்வளவுதான். சந்தேகிக்க இடமுண்டு என்ற வரியை டீச்சர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "கணக்குல இப்படி எழுதினா நான் பாதி மார்க்குதான் போடுவேன்," என்றார்.

நூற்றிருபதில் நாற்பத்தொன்று செத்தன. விழுந்தவற்றில் பத்துப் பதினைந்து, தீனி மாற்றிய பிறகு மெல்ல எழுந்து நடந்தன. அதில் சில மறுபடி முட்டையும் வைத்தன. கூடைக்கோழி வைக்கவில்லை. அது கொட்டகைக்குள் போகாமல் டீச்சர் வீட்டுப் படியிலேயே கிடந்து வயதாகிச் செத்தது.

டீச்சர் இரண்டு வருஷத்தில் ஆரணிக்கு மாற்றலாகிப் போனார். டாக்டரும் போய்விட்டார். நான் எண்பதுகளின் நடுவரை கோழி வளர்த்தேன். லாரியில் வரும் நாமக்கல் முட்டையோடு போட்டி போட முடியாமல் பிறகு விட்டுவிட்டேன்.

அதற்குள் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது. கோழி விழுந்தால் அந்த அம்மாவைக் கேளுங்கள் என்று யாராவது அனுப்பிவைப்பார்கள். ஒருமுறை ஒரு இளம் தம்பதி கூடையில் ஒரு பெட்டைக்குஞ்சோடு வந்தார்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். பார்த்த உடனே சொன்னேன். "தீனிதான். சோளத்தைக் கொட்டிப் பொறுக்குங்க."

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் அதே கூடையோடு தனியாக வந்தாள். "பொறுக்கிப் பாத்தோங்க. ஒரு விதைகூட இல்லை. இன்னும் விழுந்துனேதான் கீது."

அப்போதுதான் குஞ்சைச் சரியாகப் பார்த்தேன். உடம்பு வற்றிப்போயிருந்தது, ஒரு கண்ணின் மணி வெளுத்திருந்தது. என் கோழிகளுக்குக் கண் தெளிவாக இருந்தது. கால் இருந்த விதத்தைப் பார்த்ததும் மற்ற எதையும் பார்க்காமல் பேசியிருக்கிறேன். அவளோடு அப்போதே ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டர் குஞ்சை அறுத்துத் தொடைக்குள் இருந்த நரம்பை எடுத்துக் காட்டினார். ஒரு பக்க நரம்பு மெலிதாக இருந்தது. மறுபக்கம் அதைப்போல மூன்று மடங்கு தடித்திருந்தது. சதை நல்ல சிவப்பாக இருந்தது. இது கிருமியால் வருகிற வேறு நோய் என்றார். ஒரு வாரம் வீணானதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேசைமேல் குனிந்து இரண்டு நரம்புகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சார், ஒரே பக்கம் மட்டும் ஏன் வீங்குது?" என்று கேட்டாள். டாக்டர் பதில் சொல்லத் தொடங்கினார். நானும் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டேன்.